கவ்வாத்துச் சாமியின் நெற்றிப்பொட்டு

பழைய பொம்மை சேர்க்கிறவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு பொம்மைதான் என்றாலும் நானும் அதில் இருக்கிறேன். போன மாதம் அதைப் படமெடுத்துப் போட்டேன். சாண் உயரம், பச்சை உடம்பு, முறுக்கு மீசை, வலது கையில் வளைந்த கத்தி. எந்தக் கம்பெனி, என்ன பெயர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் நெற்றியில் இருந்த சிவப்புப் புள்ளிக்காக இரண்டு நாள் சண்டை போட்டார்கள். மூன்றாவது கண் என்றார் ஒருவர். செய்த இடத்தில் தவறிச் சிந்திய வர்ணம், ஆகவே மிக அபூர்வம் என்றார் இன்னொருவர். அதை வைத்தது இலங்கை மலைநாட்டில், மடுல்சீமையில் தேயிலைக் கொழுந்து பறித்த என் அத்தை என்று நான் சொல்லவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில், அடுத்த அறையில், மாமாவோடு இருந்தாள். தொண்ணூறுகளில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, கொழும்பில் கடையில் வேலைக்கு நின்ற சித்தப்பா தீபாவளிக்கு அந்தப் பொம்மையைக் கொண்டுவந்தார். "பொம்பளப் புள்ளைக்குப் போய் கத்தி புடிச்சவன வாங்கியாந்திருக்கீங்களே தம்பி" என்று அம்மா குறைபட்டாள். அத்தையோ அதை வாங்கிப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பொம்மையா இது? கவ்வாத்து சாமி, அண்ணி. கத்தியப் பாருங்க!"

தேயிலைச் செடிகளை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணும் முன் ஆண்கள் அந்தச் சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கத்தியைத் தொடுவார்கள். எங்கள் தோட்டத்தில் சாமி என்பது ஒரு கல், அவ்வளவுதான். பொம்மையின் கத்தி கவ்வாத்துக் கத்தியைப் போலவே வளைந்திருந்தால் அத்தைதான் என்ன செய்வாள்? அடுத்த வாரம் மாமாவுக்கு மேல்மலையில் கவ்வாத்து. முந்தின தடவை கத்தி வழுக்கி முழங்காலைக் கிழித்திருந்தது.

"கவ்வாத்து முடியிற மட்டும் குடு கண்ணு. பத்தரமா திருப்பித் தந்துர்றேன்."

பெரியவர் ஒருவர் என்னிடம் கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பெருமை தாங்காமல் கொடுத்துவிட்டேன். அத்தை எண்ணெயில் குங்குமத்தைக் குழைத்து அவன் நெற்றியில் வைத்து, மலை ஓரத்துக் கல்லருகே நிறுத்தினாள்.

பெருமை மூன்று நாள்தான் நின்றது. பள்ளிக்கூடத்தில் அப்படியொரு பொம்மை எனக்கு இருப்பதாக ஒருத்தியும் நம்பவில்லை; புளுகுமூட்டை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நான்காம் நாள் காலை, போகிற வழியில் கல்லடியிலிருந்து அவனை எடுத்துப் புத்தகப் பைக்குள் திணித்தேன். சாயங்காலம் வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் லயமே வாசலில் நின்றது. மாமாவின் கத்தி காலில் இறங்கிவிட்டதாம், தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். பொம்மையைப் பால்மா டின்னில் போட்டு விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

மாமா இரண்டு கால்விரல் இல்லாமல் திரும்பி வந்தார். அதற்குள் அத்தை கல்லடியைப் போய்ப் பார்த்துவிட்டாள். என்னைத் தனியே கூப்பிட்டு முன்னால் குந்தினாள்.

"கண்ணு, சாமிய நீ எடுத்தியா? எடுத்திருந்தா சொல்லு, அத்த ஏச மாட்டேன்."

"இல்ல அத்த."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சற்று நேரம் இருந்தாள். பிறகு எழுந்து, "அப்ப அதுவாத்தான் போயிருச்சு. நாந்தான் தீட்டோட தொட்டுட்டேன் போல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அதன்பின் அந்தக் கல்லருகே அவள் போகவே இல்லை. பூசையன்று மற்றவர்கள் கையில் கற்பூரத்தைக் கொடுத்தனுப்பிவிட்டுக் கீழே ரோட்டிலேயே நிற்பாள். சாகும்வரை அப்படித்தான். ஈரச் செடியில் கத்தி வழுக்கியதற்கும் என் புத்தகப் பைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். நான்தான் எடுத்தேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு எத்தனையோ வருடங்கள் இருந்தன, நான் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அன்று அத்தை என்னை நம்பிவிட்டாள், நான் தப்பித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். நான் "ஆமா" என்று சொல்லிவிட மாட்டேனா என்றுதான் அவள் அவ்வளவு நேரம் என் முன்னால் குந்தியிருந்தாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.