பொதுச்சுடரும் பொன்னாடையும்

இது நடந்தது. இத்தாலியின் பலேர்மோ நகரில் எங்கள் சங்கம் வாசிக்கும் ஆண்டறிக்கையைவிட நூறு மடங்கு உண்மை. சந்தேகமிருந்தால் சீசா பகுதிக்குப் போய்க் கதிரேசுவைக் கேளுங்கள். மறுக்கமாட்டான். பேச்சை மாற்றுவான்.

ஏழு வருடங்களுக்கு முன், வடக்கே மலையடியில் உள்ள ஒரு பெரிய ஏரியில் புயல் அடித்தது. அக்கரை ஹோட்டலுக்கு வேலைக்குப் போன நம்மவர் ஆறு பேரின் படகு கவிழ்ந்தது. ஐந்து பேர் போய்விட்டார்கள். மிஞ்சியவர் ஜெயரட்ணம்.

அன்றிலிருந்து நினைவு நாளில் பொதுச்சுடர் ஏற்றுவது அவர்தான். பொன்னாடையும் அவருக்குத்தான். நீண்ட உரை வேறு. முதல் வருடம் ஆள் உயரம் இருந்த அலை, போன வருடம் மூன்றாம் மாடியைத் தொட்டுவிட்டது.

கதிரேசுவுக்கு வயிறு பற்றி எரியும். அவனும் அந்தப் படகில் ஏற வேண்டியவன். அன்றைக்குப் பார்த்து, பெர்மெசோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்கக் கெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வரிசையில் நின்றான். வரிசையில் நின்று உயிர் தப்பியவனுக்கு யார் பொன்னாடை போர்த்துவார்கள்?

"செத்ததுகளுக்குத்தானே விளக்கு. உங்களுக்கு ஏனப்பா எரியுது?" என்றாள் மனைவி சாரங்கா.

இந்த வருடம் விடுவதில்லை. நினைவு நாளன்று கதிரேசு நேரே மேடையேறி ஜெயரட்ணத்தின் முன் நின்றான்.

"அண்ணை, இந்தமுறை நான் ஏத்துறன். நானும் அந்த வள்ளத்திலை வரவேண்டிய ஆள்தான்."

சண்டையை எதிர்பார்த்து மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஜெயரட்ணம் அவனை உற்றுப் பார்த்தார்.

"ஓம்... வரவேண்டிய ஆள்தான். அதை மைக்கிலை சொல்லு. உன்ர வாயாலை சொல்லு."

சொன்னான். ஜெயரட்ணம் தீப்பெட்டியை அவன் கையில் திணித்துவிட்டு இறங்கினார். உரை இல்லை. பொன்னாடைக்குக்கூட நிற்கவில்லை. அவ்வளவு அவசரம்.

பின்னேரம் நாலு பத்து. வெளியே நல்ல வெயில்.

சுடர் பிடித்தது. கதிரேசுவின் முகத்தில் சாரல் தெறித்தது. கடற்காற்று என்று நினைத்தான். உதட்டை நக்கினான்.

உப்பில்லை.

மேடைக்குக் கீழே ஒரு சத்தம்... சளக்... சளக்... பலகையில் தண்ணீர் மோதுவதுபோல. சபை அசையவில்லை. எல்லோரும் கைபேசியில் அவனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இறந்த ஐவரின் படங்களுக்கு முன்னாலிருந்த விளக்குகளும் ஒரே பக்கம் சாய்ந்தன.

நிலமும்.

காதோரம் ஒரு குரல்...

"தள்ளி இரடா. கதிரேசு வந்திட்டான்."

யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். ஆசைப்பட்ட பொன்னாடை.

சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மறுநாள் காலை ஜெயரட்ணம் கதிரேசுவுக்குப் போன் எடுத்தார். மேடைக் குரல் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவரின் குரல்.

"ராத்திரி எப்பிடி?"

"அண்ணை... கதவு பூட்டினபடிதான் கிடக்கு. ஆனா அறை முழுக்கத் தண்ணி."

"ம். ஏழு வருசத்திலை நேற்றுத்தான் என்ர கட்டில் காய்ஞ்சு கிடந்தது."

"அண்ணை, என்னண்ணை சொல்லுறியள்?"

"சாரங்காவை மற்ற அறையிலை படுக்கச் சொல்லு, தம்பி. அவை அஞ்சு பேர். கட்டிலிலை இடம் காணாது."