கொடி ஏறாத இரண்டு மரங்கள்

வண்டன்மேட்டுக்கு மேலே நடந்து நடந்து கால் ஓய்ந்துபோன மதியம். முதுகுப்பையில் இருந்த ஹேமக்கை, அந்தத் துணித் தொங்குபடுக்கையைக் கட்ட, ஆறேழு தப்படி இடைவெளியில் உறுதியான இரண்டு மரங்கள் போதும். ஏலத்தோட்டத்தில் மரத்துக்கா பஞ்சம்? ஆனால் போய் நின்ற மரத்திலெல்லாம் மிளகுக்கொடி ஏறியிருந்தது. ஹேமக்கின் நாடாவைச் சுற்றி இறுக்கினால் கொடி நசுங்கிவிடும். ஒரு மனிதன் சாய இடம் விடாமல் மலை முழுக்கவா மிளகு போடுவார்கள் என்று எரிச்சலாக வந்தது.

ஓடைப் பக்கம் இரண்டு மரங்கள் மட்டும் கொடியில்லாமல் நின்றன. அருகே ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் ஹேமக்கை விரித்துக் காட்டி, கட்டலாமா என்று கேட்டேன். ஒருவர் சிரித்துவிட்டார்.

"அது எங்க பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டுற மரம்ணே. அதான் கொடி ஏத்தல. இன்னைக்குக் கைப்பிள்ளை யாரும் வரல, நீங்க படுங்க. கங்காணிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொன்னதோடு விடவில்லை. எழுந்து வந்து என் முடிச்சை இழுத்துப் பார்த்தார். துணியில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திப் பார்த்த பிறகுதான் என்னைப் படுக்கவிட்டார்.

கண் செருகும் நேரத்தில், காய்க்கூடையோடு அந்தப் பக்கம் போன யாரோ கைப்பழக்கத்தில் என்னை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு நாற்பத்தாறு வயது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விழித்திருப்பது தெரிந்தால், திரும்பி வரும்போது ஆட்டாமல் போய்விடுவார்.