ஜீப்பைக் கழுவுவது போல

என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் வாடகை ஜீப் ஓட்டியே காலத்தைக் கழித்தவர். ஆளையும் ஏற்றுவார், மிளகு மூட்டையையும் ஏற்றுவார், ஆட்டுக்குட்டியையும் ஏற்றுவார். சாயங்காலம் ஜீப்புக்குள்ளே ஹோஸ் பைப்பை விட்டு அடித்தால் அத்தனை அழுக்கும் தரையில் இருக்கும் ஓட்டை வழியாக ஓடிவிடும். வண்டியைக் கழுவுவது என்றால் அவருக்கு அவ்வளவுதான்.

எனக்கோ தோள்பட்டை இறுகிப்போய் வலது கையைத் தூக்கவே முடியாது. தோளைக் காட்டச் சேலம் போகவேண்டுமா, ஏற்காட்டு ஒண்டிக்கடையில் தக்காளி வாங்கவேண்டுமா, இந்த மகாராஜா மனசு வைக்கவேண்டும். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். எரிச்சல் தாங்காமல்தான் ஒரு பழைய சின்னக் காரை வாங்கவைத்து, ஐம்பதைத் தாண்டிய வயதில் ஓட்டப் பழகினேன். மின்சாரத்தில் இயங்கும் பவர் ஸ்டியரிங். நாம் லேசாகத் திருப்பினால் போதும், உள்ளே ஒரு சின்ன மோட்டார் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரு கொண்டை ஊசி வளைவைத் தோள் வலிக்காமல் முழுசாகத் திருப்பிய அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் போனவர்களுக்கெல்லாம் காரணமில்லாமல் ஹாரன் அடித்தேன்.

அவருக்கு இது பொறுக்கவில்லை. விரலால் திருப்புகிறதெல்லாம் ஒரு வண்டியா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வாழவந்தியில் இருக்கும் அவருடைய சிநேகிதர் ஒருவரும் என் காரை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். சின்னதாக ஒரு கோளாறு வந்தாலும் தள்ளிவிடுவது என்று இவர் முடிவு பண்ணி, அதை என்னிடமும் சொல்லிவிட்டார். கார் போனால் நான் மறுபடி வாசலில் நின்று ஜீப் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் அடுப்படியில் பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் தண்ணீர் பாயும் சத்தம் நிற்கவே இல்லை. வந்து பார்த்தால் காரின் கதவெல்லாம் திறந்துகிடக்கிறது. ஜீப்பைக் கழுவி முடித்த மனிதர், கையோடு காருக்குள்ளேயும் பைப்பை விட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் அடி அடியென்று அடித்துக்கொண்டிருக்கிறார். இது என்ன கூத்து என்று கத்தினேன். உள்ளே தூசி ரொம்ப இருந்தது என்றார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். மறுநாள் சந்தனம் குங்குமம் வைத்து, ஜீப்புக்குப் போட்டதைவிடப் பெரிய மாலையைக் காருக்குப் போட்டவரும் அவர்தான்.

பூஜை முடிந்து பட்டறைகள் திறந்த அன்று காலையில் வண்டியைக் கிளப்பினேன். ஸ்டியரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. எரிந்தது அணையவில்லை. திருப்பிப் பார்த்தால் ஆட்டுக்கல்லைத் தள்ளுவது போல இருந்தது. என் தோள் சுரீரென்றது. போச்சு, இன்றோடு கார் போச்சு.

அவர் பானட்டைத் திறந்து ஸ்டியரிங் எண்ணெய் ஊற்றும் இடத்தைத் தேடினார். இந்த ஸ்டியரிங்குக்கு எண்ணெயே கிடையாது என்று சொன்னேன். நான்தான் அதைக் குடித்துவிட்டேன் என்பது போல முறைத்தார். பிறகு மூடிவிட்டு என் பக்கம் வந்து நின்றார்.

"நவுரு, நானே பட்டறைக்கு ஓட்டிட்டு வாரேன். சரி பண்ணி நாளைக்கே வாழவந்திக்காரருக்குக் குடுத்தரலாம்."

ஜீப்பின் ஸ்டியரிங் பெரிசு, கைப்பலத்துக்கென்றே செய்தது. காரினுடையது மோட்டாரை நம்பிச் செய்தது. மோட்டார் கைவிட்டால் ஜீப்பைவிட மோசம். இது முதல் வளைவிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைக்கத் திருப்பினார். அடுத்த வளைவில் பாதி திரும்பி, ரோட்டுக்குக் குறுக்கே வண்டி நின்றுவிட்டது. பின்னால் பஸ். அதிலிருந்து கண்டக்டர் இறங்கி வந்து ஜன்னலோரம் குனிந்தார்.

"ஏனுங்க, புதுசா பழகறீங்களா?"

மலை முழுக்க ஜீப் ஓட்டிய மனிதரைப் பார்த்து! நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அவர் வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடி திருப்பி, சட்டை தொப்பலாக நனைந்துபோய் ஏற்காடு வந்து சேர்ந்தார்.

மெக்கானிக் முதலில் பேட்டரியைப் பார்த்தார். அது இறங்கிப்போனாலும் இந்த விளக்கு எரியுமாம். பேட்டரியில் குறையில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு ஒரு வயர் இணைப்பைக் கழற்றினார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. மோட்டாரும் அதன் மூளையும் அங்கேதான் இருக்கிறதாம். காருக்குள்ளே ஈரத்துணியால் துடைத்தாலே போதுமாம். டயரில் காற்றும் பேட்டரி முனையும் சரியாக இருந்தால் வேறு செலவு வைக்காது என்றார். யார் உள்ளே தண்ணீர் விட்டது என்றும் கேட்டார். என் வீட்டுக்காரர் மூலையில் கிடந்த பழைய டயர்களை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டுக்கொடுக்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் நனைந்த சட்டை அவர் முதுகில் ஒட்டிக்கிடந்ததைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. வீட்டில் கழுவினோம் என்று மட்டும் சொன்னேன்.

சூடான காற்றடித்து உலர்த்தி, இணைப்பில் பூத்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டித் துடைத்ததும் விளக்கு அணைந்தது. ஸ்டியரிங் பழையபடி லேசாகிவிட்டது.

திரும்பும்போது நான் கேட்காமலே அவர் இடது பக்கம் போய் உட்கார்ந்தார். முழங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஊர் நெருங்கும்போது வாழவந்திக்காரரிடமிருந்து போன் வந்தது. என் காது இரண்டும் அந்தப் பக்கம்தான் இருந்தது. கொஞ்ச நேரம் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"இல்லைங்க, விக்கறதுக்கு நான் யாருங்க? அது அவ வண்டிங்க. அவளத்தான் கேக்கோணும்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எந்தப் பொருளையும் என்னுடையது என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. எனக்குக் கண் நிறைந்து ரோடு மங்கிவிட்டது. அவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வளைவு வருது. முன்னால பாத்து ஓட்டு."