சந்தனம் வைக்காத இடம்

நேற்று மாலை மகன் வந்து நின்றபோது அவன் சட்டையில் கருகிய ரப்பர் வாசனை. கினிகத்தேனை வளைவில், பனிமூட்டத்துக்குள், அவன் ஓட்டும் பழைய வேனின் விளக்குகள் மங்கி அணைந்துவிட்டனவாம். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு. "எர்த் வயர் புடிக்கலம்மா, வேற ஒண்ணுமில்ல. துரு சுரண்டி முறுக்கினேன், லைட்டு எரிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தான். எனக்குத்தான் விடியும்வரை தூக்கமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த வாசனை எனக்குப் பழையது. அதை முதலில் முகர்ந்தது அக்கரப்பத்தனையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லொறிக்குள்.

அப்போது நான் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தேன். ஹட்டனில் ஆசிரியை வேலைக்கு நேர்முகப் பரீட்சை. "கெடைக்கலன்னா தோட்டத்துலயே பேர் பதிஞ்சிருவோம்" என்றிருந்தார் அப்பா. பேர் பதிந்தால் மறுநாளே கொழுந்துக் கூடை. கூடையை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. அம்மாவின் கூடைதான் எனக்குச் சோறு போட்டது. எனக்கு அட்டைக்கடி பயம், அவ்வளவுதான்.

பரீட்சை, ஆயுத பூசைக்கு மறுநாள். ஹட்டன் ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போகும் லொறியில் என்னை அனுப்புவதாக ஏற்பாடு. பூசைக்காக டிரைவர் செல்லையாண்ணன் லொறியைக் கல்யாணப் பொண்ணாக ஆக்கியிருந்தார். அடிச்சட்டம் வரைக்கும் புதுக் கறுப்புப் பெயின்ட். தலை நீட்டிய ஆணிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம்.

கல்யாணப் பொண்ணு எழும்பவில்லை. சுவிட்சை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். ஹேண்டில் போட்டுச் சுழற்றினார்; இருமிவிட்டு அடங்கியது. என்னை முன்சீட்டில் ஏற்றி, "நான் அழுத்துறேன், நீ அந்தச் சோக்க இழுத்துப் பிடி தங்கச்சி" என்றார். எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடுகிற இழுப்புக் கம்பி அது. பிடித்தேன். உடனே உதறினேன்.

"அண்ணே, தோசக்கல்லு மாதிரி சுடுதுங்க!"

சோக் கம்பியின் உறையிலிருந்து புகை. அதே ரப்பர் வாசனை.

பின்னால் பெட்டிகள்மேல் சந்தைக்குப் போக ஏறியிருந்த பெண்களில் ஒருத்தி, "டீச்சரம்மா வேலைக்குப் போகுமுந்தியே லொறிக்குச் சூடு வச்சிட்டாங்க" என்றாள். ஒரே சிரிப்பு. நான் சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

செல்லையாண்ணன் சிரிக்கவில்லை. "சோக் கம்பியில கரண்டுக்கு என்ன வேல?" என்றார்.

"திரும்பிப் போக வேற வழி இல்லையோ என்னமோ" என்றேன். பாடப்புத்தகத்தில் படித்த கரண்டு வட்டமாகத்தான் ஓடும்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். எஞ்சின் ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் அடிச்சட்டத்தையும் சேர்ப்பது ஒரு செம்புப் பின்னல் பட்டைதான். கரண்டு பேட்டரிக்குத் திரும்பும் 'எர்த்' வழி அது; அது அடைபட்டதால்தான் கரண்டு சோக் கம்பி வழியே ஓடியிருக்கிறது. "அழகா இருக்கட்டும்னு நாந்தான் அதக் கழட்டி, அடியில ரெண்டு கோட் அடிச்சு, திரும்ப மாட்டினேன். பெயின்டுக்கு மேல எர்த் எங்க புடிக்கும்?"

சுரண்ட வேண்டியதுதானே என்றால், பூசையை நடத்திய பெரிய கங்காணி குறுக்கே வந்தார். "சாமிக்குப் போட்ட சந்தனம் காயல. அதுக்குள்ள கத்தி வைக்கிறியா?"

செல்லையாண்ணன் கை பின்வாங்கியது. வழியனுப்ப வந்து தேயிலை ஸ்டோர் வாசலில் நின்ற அப்பா தரையைப் பார்த்தார். எனக்குக் கூடை தெரிந்தது, அட்டை தெரிந்தது.

"தாத்தா, லொறி ஓடுறதுக்குத்தானே பூச போட்டீங்க?" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஸ்டோருக்குள் போய், பூசையில் வைத்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி ஒன்றை எடுத்து வந்தார். அதன் பிடியிலும் சந்தனம். "இதுவும் பூச பாத்ததுதான். இதால சுரண்டு. சாமிக்கும் சாமிக்கும் நடுவுல அதுங்களே பாத்துக்கும்."

பெயின்ட் உரிந்து வெள்ளை இரும்பு பளிச்சென்றது. பட்டையை முறுக்கியதும் லொறி ஒரே அழுத்தில் உறுமியது. கொப்புளம் கட்டிய விரலோடு நான் பரீட்சையில் உட்கார்ந்தேன். வேலை கிடைத்தது.

அதன்பின் ஒவ்வொரு பூசைக்கும் செல்லையாண்ணன் அந்த இடத்தில் மட்டும் பெயின்டோ சந்தனமோ படவிடமாட்டார். தொட்டுக் கும்பிடுவதோடு சரி. பிறகு அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனார். லொறி பழைய இரும்பாக விலைபோனது. கங்காணியும் இப்போது இல்லை; பெட்டி ஏற்றிய முற்றத்தில் புல்.

இந்தப் பூசைக்கு மகன் வேனுக்குப் பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறான். அடிக்கட்டும். அந்த ஒரு இடத்தில் நான் முன்கூட்டியே துணி சுற்றிவிடுவேன்.