பால்குடத்துக்கு நான்காம் நாள்

சிங்கப்பூர் தேசிய பேட்மிண்டன் குழுவில் பெண்கள் ஒற்றையருக்கு முழுநேர இடம் ஒன்றே ஒன்றுதான் காலியானது. எனக்கும் ஜூரோங்கிலிருந்து வந்த இன்னொரு பெண்ணுக்கும் ஓர் ஆட்டம் வைத்து, ஜெயிப்பவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நான்கு வருடமாக ஆடிக்கொண்டிருந்தவள். இதுவும் போனால் அடுத்தது என்று ஒன்றுமில்லை.

அன்று மாலையே தோ பாயோ வீட்டில் அம்மா சொன்னார்: "தைப்பூசத்துக்கு நீ பால்குடம் எடுப்பேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

"இடம் கிடைக்கட்டும்மா, அப்புறம் எடுக்கறேன்."

"கிடைச்ச பிறகு எல்லாரும்தான் எடுப்பாங்க. முன்னாடியே எடுத்தாதான் அவரும் நம்மள பார்ப்பாரு லா."

நல்ல நியாயம்! ஆனாலும் சரி என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான்.

ஒரு மாதம் விரதம். கறி இல்லை, மீன் இல்லை, முட்டைகூட இல்லை. ஒரு வேளைச் சாப்பாடு. தொடையில் சதை கரைவது எனக்கே தெரிந்தது. சீனரான என் பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். "உனக்குச் சாமி வேணுமா, கால் வேணுமா?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். இரண்டும் வேண்டும் என்று வாய்த்துடுக்காகச் சொன்னேன்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைக் கோயிலில் வரிசை நகரவே இல்லை. நாங்கள் குடத்தோடு சாலைக்கு வரும்போது உச்சிவெயில். சாக்ஸ் போட்டுக்கொண்டு நடப்பவர்களும் உண்டு. அம்மா அதற்கு ஒப்பவில்லை, வெறுங்கால்தான். டேங்க் ரோடு கோயிலை அடைந்தபோது வலது பாதத்தில் கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் கிளம்பியிருந்தது. "தண்ணிய ஊத்து, சரியாப் போயிடும்" என்றார் அம்மா. நானும் நம்பினேன். நம்பித் தொலைத்தேன்.

நான்காம் நாள் ஆட்டம். முதல் கேம் எனக்கு. இரண்டாவதில் கொப்புளம் உடைந்தது. அந்தப் பெண் அதைக் கண்டுகொண்டாள். இறகுப்பந்தை வலைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டிருந்தாள். வலது காலை நீட்டிப் பாய்ந்தால்தான் எடுக்க முடியும். மூன்றாவது கேமில் நான் பாய்வதையே நிறுத்திவிட்டேன். இருபத்தொன்றுக்குப் பதினொரு புள்ளிகூட வரவில்லை. இடம் அவளுக்குப் போனது.

வீட்டில் அம்மா என் காலை மடியில் வைத்து ரத்தம் ஒட்டிய கட்டைப் பிரித்தார்.

"நான்தான் கெடுத்துட்டேனா டி?"

அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா. விரதத்துல கறி சாப்பிட்டேன். ரெண்டு தடவை."

பொய். அந்த மாதம் முழுவதும் நான் ஒரு முட்டையைக்கூடத் தொடவில்லை.

அம்மா என் காலைக் கீழே இறக்கி வைத்தார். "அதான் பார்த்தேன். முருகன் கைவிட மாட்டாரே! பாவி, ஒரு மாசம் வாயைக் கட்ட முடியலையா உனக்கு?"

இப்போது நான் காண்டோ அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ராக்கெட் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா சொல்கிறார்: "நல்லா ஆடுவா. கறிக்கு ஆசைப்பட்டு எல்லாத்தையும் தொலைச்சுட்டா." வந்தவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.