ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சு

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டு மலையில் எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் ஒல்லியானவர். பேசுவதற்கு முன் கண்ணாடியைத் துடைப்பார். நிறைமாதமாக இருந்த என் மனைவி அங்கே நின்று நின்று மயங்கி விழுந்தாள். அதனால் பலாப்பலகையில் ஒரு பெஞ்சு செய்து கொண்டுபோனேன்.

கண்ணாடியைத் துடைத்தார். "மேலிடத்து உத்தரவு இல்லாம அன்பளிப்பு வாங்கக்கூடாதுங்க. எழுதிக் கேக்கறேன்."

"அதுவரைக்கும் ஊட்டுக்கே தூக்கிட்டுப் போகட்டுங்களா?"

"கேட்டுக்கு வெளிய ரோடுங்க. அது என் ஆஸ்பத்திரி இல்ல."

வெளியே போட்டேன். நோயாளிகள் உட்கார்ந்தார்கள். உத்தரவு வரவேயில்லை. ஒருநாள் அவரே அதில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துகொண்டார்.

"ஏனுங்க, உங்க பெஞ்சு. கேக்காம உக்காந்துட்டனுங்க."

அவர் சிரிக்கவில்லை. பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். அந்தப் பெஞ்சை நான் கொடுத்துவிட்டேனா, இல்லையா என்று இன்னும் விளங்கவில்லை.

14-3-1989