கழுத்துப்பிடியில் ஒரு பதிகம்

தச்சநல்லூரில் டயர்க் கடையின் மேல்மாடியில் இருக்கும் அந்தப் பயிற்சிக்கூடத்துக்குள் நுழையுமுன், உருத்திராக்கத்தைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியோடு ஒரு சோப்புப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். தீட்சை பெற்ற நாள்முதல் நீராடும்போதும் கழற்றாத மாலை அது. பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்னும் தரைமல்யுத்தத்தில் எதிராளியின் விரல் அதில் சிக்கினால் விரலும் போகும், மாலையும் போகும். திருநீற்றை மட்டும் அழிப்பதில்லை. பயிற்சி முடிவதற்குள் அது தானே இடம்மாறி, என்னோடு புரள்பவரின் வெள்ளை அங்கியில் ஒட்டிக்கொள்ளும்.

பெரும்பாலும் என்னோடு புரள்பவர் ஒரு வங்கிக் காசாளர். என் மகன் வயதுக்காரர். "அண்ணாச்சி, உங்ககூட மல்லுக்கட்டிட்டு வீட்டுக்குப் போனா எங்க அம்மை, 'எந்தக் கோயிலுக்குலே போன, எனக்குத் துன்னூறு எங்க?'ன்னு கேக்கா" என்பார்.

சென்ற ஆண்டு ஆற்றுப்படியில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, எழத் தெரியாமல் ஈரக்கல்லில் கன்னம் வைத்து நெடுநேரம் கிடந்தேன். விழவும் எழவும் பழக வேண்டும் என்றுதான் இங்கே சேர்ந்தேன். மகனிடம் தொலைபேசியில் சொன்ன காரணமும் அதுவே. சொல்லாத காரணம் சேர்ந்த பிறகு விளைந்தது. மனைவி மறைந்தபின் என்மேல் மனிதக் கை படுவது முடிதிருத்துபவரின் நாற்காலியில் மட்டுமே. எங்கள் குடும்பங்களில் ஆண்கள் தழுவிக்கொள்வதில்லை. பேரப்பிள்ளைகள் ஊருக்கு வந்தால் காலில் விழுவார்கள். விரல்நுனி பாதத்தில் பட்டதா என்பதே தெரியாது. இங்கோ ஒருவர் தம் எடை முழுவதையும் என் நெஞ்சின்மேல் இறக்கி வைக்கிறார். காஞ்சியில் உமையம்மை தழுவ ஈசன் திருமேனி குழைந்ததை வாழ்நாளெல்லாம் பாடியிருக்கிறேன். குழைவது இன்னதென்று அந்த ரப்பர்ப் பாயின்மேல்தான் அறிந்தேன்.

கழுத்துப்பிடி இறுகினால், தோல்வியை ஒப்புக்கொண்டு எதிராளியின் மேல் கையால் தட்ட வேண்டும். தட்டியதும் எதிராளி விட்டுவிடுவார். அந்தக் கலையின் அறம் முழுவதும் அந்தத் தட்டலில் நிற்கிறது. எனக்கோ அச்சம் வராதிருக்க மனத்துக்குள் தேவாரப் பதிகம் ஓதும் வழக்கம். எடுத்த பதிகத்தைத் திருக்கடைக்காப்பு என்னும் நிறைவுப் பாட்டுவரை சொல்லாமல் விடக்கூடாது என்பது எங்கள் வீட்டு நியதி. நடுவில் நிறுத்தினால் மறுபடியும் முதலிலிருந்து. சென்ற மாதம் காசாளர் பின்னாலிருந்து கழுத்தை வளைத்தபோது கடைசிப் பாட்டு மட்டும் மிச்சமிருந்தது. முடித்துவிட்டுத் தட்டலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது என் கால்களை உயர்த்திப் பிடித்தபடி காசாளர் அழும் நிலையில் நின்றார்.

மாஸ்டர், துபாயில் வேலை பார்த்துக்கொண்டே இக்கலையைக் கற்றுவந்தவர், என்மேல் குனிந்தார்.

"ஏன் அண்ணாச்சி தட்டல?"

"பதிகம் முடியல, தம்பி."

விளங்கச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு போங்க! இன்னும் கொஞ்சம் போயிருந்தா மிச்சத்தக் கைலாசத்துலலா பாடியிருப்பிய! இனி பாய்ல இறங்காண்டாம். வந்தா அங்கன உக்காந்து பாருங்க. உங்க மவன் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

அடுத்த வகுப்பில் சுவரோரம் அமர்ந்திருந்தேன். மாலை கழுத்திலேயே கிடந்தது. எதிரே மனிதர்கள் ஒருவரையொருவர் இறுகப் பற்றிப் புரண்டுகொண்டிருந்தார்கள். வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வீட்டை நினைத்ததும் அந்தச் சுவரே மேல் என்று பட்டது.

வியர்வையைத் துடைத்தபடி காசாளர் மாஸ்டரிடம் சென்றார். "மாஸ்டர், அண்ணாச்சி மனசுக்குள்ள பாடுதாரு, அதான் வினை. வாய்விட்டுப் பாடட்டும். சத்தம் பிசிறுனா நான் கைய எடுத்துருதேன்."

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "பாடுனாலும் தட்டணும். பிடி இறுகுன உடனே, பாதி வரியானாலும் சரி, அப்படியே விட்டுட்டுத் தட்டணும். ஒத்துக்கிடுதியளா?"

"ஒத்துக்கிடுதேன்" என்றேன். வாழ்நாள் நியதி ஒன்றை விட்டுக்கொடுக்க எனக்கு எவ்வளவு குறைந்த நேரம் தேவைப்பட்டது என்பது பிறகுதான் உறைத்தது.

சோப்புப் பெட்டியைத் திறந்தேன். பாயில் இறங்கி, காசாளரின் கை கழுத்தைச் சுற்றிவர, உரக்கப் பாடினேன். "மைக் செட்டு போடவா அண்ணாச்சி?" என்று யாரோ கேட்கக் கூடம் சிரித்தது. ஆறாம் பாட்டின் நடுவில் பிடி இறுகி, குரல் நெரிந்தது. தட்டக் கை நீட்டினேன். என் கை அவர் முழங்கையைத் தொடுமுன்பே அவர் கை விலகியிருந்தது.

"மிச்சத்தையும் பாடிருங்க. பைய பாடுங்க, நான் இங்கனதான் இருக்கேன்" என்று அருகிலேயே அமர்ந்துகொண்டார். நிறைவுப் பாட்டுவரை பாடினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் விளக்கேற்றி அதே பதிகத்தை எடுத்தேன். ஆறாம் பாட்டின் அதே இடத்தில் குரல் நின்றது. நானாக நிறுத்தவில்லை, நின்றபின் நானாகத் தொடரவும் இல்லை. மிச்சத்தைப் பாடச் சொல்ல அருகில் ஆள் இருப்பதுபோல் காத்திருந்தேன். அடுத்த வீட்டில் குக்கர் விசிலடித்தது. குளிர்பெட்டி உறுமத் தொடங்கி, ஓய்ந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பாட்டிலிருந்து தொடங்கினேன்.